பந்தயக் காருக்கு வாங்கிய ஐந்து டயர்கள்

ஒச்சம்மாள் பாலவனத்தத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்தது ஆறுதல் தேடி அல்ல. கையில் அரிவாள் இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் அமிர்தராஜின் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"எந்தம்பி காளிராஜு கார் கவுந்து செத்துட்டான். டயரு வெடிச்சிருச்சு. அந்த டயர மாட்டுன மெக்கானிக் தாவீதுராஜப் பிடிச்சு எங்க கொட்டாயில கட்டிப் போட்டிருக்கேன். நல்ல டயருதான்னு வேதப் புஸ்தகத்து மேல சத்தியம் பண்றான். பொய்னா இன்னைக்கே அவன் கதை முடிஞ்சது. ஆனா நான் தப்பான ஆள வெட்டிட்டு செயிலுக்குப் போயி, நெசமாக் கொன்னவன் வெளிய நின்னு சிரிச்சான்னா? அதுதான் எனக்குப் பொறுக்காது. நீங்க ஆளக் காட்டுங்க, போதும்."

"அரிவாளக் கீழ வைங்கம்மா," என்றார் அமிர்தராஜ். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "அந்த டயர் எப்படிக் கிடைச்சது? அதச் சொல்லுங்க."

அரிவாளை அவள் கீழே வைக்கவில்லை. ஆனால் சொன்னாள்.

அது ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் காளிராஜ் வாங்கிய பழைய பந்தயக் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். பெண்டாட்டி செத்துப்போன பிறகு அவனுக்கு அந்தக் கார்தான் எல்லாம். சக்கரம் உயரம், டயர் ஒல்லி. அந்த அளவு லேசில் கிடைக்காது. யுத்தம் முடிந்தும் டயர்ப் பஞ்சம் முடியவில்லை. அவனும் தாவீதுராஜும் மதுரையில் நாயாக அலைந்தார்கள். பட்டாளத்து டயர் பருமனாக இருந்து மட்கார்டில் உரசியது. மேலே புது ரப்பர் ஒட்டிய பழைய டயர் வேகத்துக்குத் தாங்காது என்று தாவீதுராஜ் தடுத்துவிட்டான். கடைசியில், இதே மாதிரிக் கார் வைத்திருந்த ஒருவர் வீட்டில் சுற்றிய காகிதம் பிரிக்காத ஐந்து டயர்கள் அகப்பட்டன. காளிராஜ் ஒவ்வொன்றையும் அழுத்தி, வளைத்து, மோந்துகூடப் பார்த்துத்தான் எடுத்தான். மாட்டிய வாரமே அவனுக்கு மலேரியாக் காய்ச்சல். கார் இரண்டு மாதம் கொட்டகையில் கிடந்தது. எழுந்து நடமாடியதும் முதல் காரியமாகத் திருச்சுழிக்கு விரட்டினான். போய்ச் சேரவில்லை.

அமிர்தராஜின் மைத்துனன் சுவாமிதாஸ் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "வெளங்கிருச்சு மச்சான்! அஞ்சுல ஒண்ண மட்டும் மெக்கானிக் மாத்திட்டான்!" என்று குதித்தான்.

"எங்க சித்தப்பா மகன் சோலைச்சாமியும் அதத்தான் சொல்றான்," என்றாள் ஒச்சம்மாள். "லாரி வச்சிருக்கான், அவனுக்குத் தெரியாதா? மத்த டயரெல்லாம் முதல் தரம், அந்த ஒண்ணுதான் மட்டச் சரக்குன்னு எழவு வீட்டுலயே சொல்லிட்டான்."

"தம்பிக்குப் பிள்ளைகள்?"

"இல்ல. கரிசக்காடு, கிணறு, காரு எல்லாம் இனிப் பங்காளி சோலைச்சாமிக்குத்தான். நான் தாலியறுத்துத் தம்பி வீட்டோட வந்தவ. எனக்கு எதுவும் வேணாம். கொன்னவன் உசுரோட இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

பாலவனத்தத்தில், கொட்டகைத் தூணில் கட்டுண்டு கிடந்த தாவீதுராஜின் உதடு வீங்கியிருந்தது. ஒச்சம்மாளின் ஆட்கள் அவனைச் சும்மா விட்டு வைக்கவில்லை. அதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாகவே இருந்தது. ஊர்க்காரர்கள் நிமிர்த்தி இழுத்து வந்திருந்த, மட்கார்டு மட்டும் நசுங்கிய காரின் அருகே அமிர்தராஜ் குந்தி உட்கார்ந்தார். வெடித்த டயரை நகத்தால் சுரண்டினார். கறுப்பு பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

"சுவாமிதாஸ், இது என்ன வாசம்?"

"புங்கெண்ணெய். கூடவே மண்ணெண்ணெய்."

"அது நான் போட்டதுய்யா," என்றாள் ஒச்சம்மாள். அந்தத் துக்கத்திலும் அவளுக்குப் பெருமை வந்தது. "தம்பி படுக்கையில கெடந்தான். ஆசப்பட்டு வாங்குனது வீணாப் போகலாமா? நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி எறைக்கிற கமலைத் தோலே எண்ணெ காட்டலைன்னா வெடிச்சிரும். வெள்ளிக்கு வெள்ளி அஞ்சு சக்கரத்துக்கும் என் கையாலயே தேச்சேன். கறுகறுன்னு மின்னுச்சு."

அமிர்தராஜ் தாவீதுராஜின் கைக்கட்டை அவிழ்க்கச் சொல்லி, வெடித்ததற்குப் பதிலாக ஸ்டெப்னியாக இருந்த ஐந்தாவது சக்கரத்தைக் காரில் மாட்டச் சொன்னார். கால்கட்டு அப்படியே இருந்தது. டயரைத் தொட்டதும் தாவீதுராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அமிர்தராஜ் உதட்டில் விரலை வைத்தார்.

பிறகு சோலைச்சாமியின் லாரிக் கொட்டகைக்குப் போனார்கள். எஞ்சின் எண்ணெய் ஒழுகித் தரையெல்லாம் கறுப்பாக ஊறியிருந்தது. லாரியின் சக்கரங்கள் மட்டும் பனம்பலகைகளின் மேல் சுத்தமாக நின்றன. மண்ணெண்ணெய் டின்கள் எட்டாத மூலையில் இருந்தன. அமிர்தராஜ் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இந்த மனுஷன் கொலைகாரனைத் தேடாமல் பலகையைப் பார்த்துப் பொழுதைப் போக்குகிறாரே என்று ஒச்சம்மாளுக்கு எரிச்சலாக வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரையும் காரைச் சுற்றி நிற்க வைத்தார்.

"சோலைச்சாமி, இனி கார் உங்களுது. கெட்ட டயரையும் கழட்டியாச்சு. திருச்சுழி வரைக்கும் ஒரு விரட்டு விரட்டுங்க. நானும் பக்கத்துல உக்காந்து வாரேன்."

சோலைச்சாமி சிரித்தான். "சாவு விழுந்த காருய்யா. நல்ல நாள் பாத்து எடுப்போம்."

"தெரு முக்கு வரைக்கும்?"

"வேணாம்."

"மத்ததெல்லாம் முதல் தரம்னு சொன்னது நீங்கதானே?"

ஒச்சம்மாள் முன்னால் வந்தாள். "ஏறுலே! எந்தம்பி உக்காந்த எடத்துல உக்கார ஒனக்கு என்ன வலிக்குது? ஏலே, ஏறுங்கேன்!"

சுற்றி நின்ற ஆட்கள் நெருங்கினார்கள். ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். கதவில் கை பட்டதும் சோலைச்சாமி அலறிவிட்டான். "விடுங்கடா! அது எல்லாமே வெடிக்கும்டா!"

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்றார் அமிர்தராஜ்.

அமிர்தராஜ் ஒச்சம்மாளிடம் திரும்பினார். இதுவரை பேசியதைவிட மெதுவாகப் பேசினார்.

"தோலுக்கு எண்ணெய் நல்லதும்மா. ரப்பருக்கு ஆகாது. மண்ணெண்ணெயும் சேர்ந்தா ரப்பர் ஊறி, உள்ளே இருக்கிற துணிய விட்டுப் பிரிஞ்சிரும். வெளியே மினுமினுப்பாத்தான் இருக்கும். தாவீதுராஜ் தொட்டதுமே கண்டுபிடிச்சிட்டான். சோலைச்சாமிக்கும் தெரியும், அதனாலதான் லாரியப் பலகை மேல நிறுத்தியிருக்கார். எண்ணெய் படுறது அவர் டயருக்கு ஆகாதாம், அண்ணன் டயருக்கு மட்டும் ஆகுமாம். மண்ணெண்ணெய் ரேஷன்ல அளந்து ஊத்துற காலம். உங்களுக்கு யாரும்மா கொடுத்தது?"

ஒச்சம்மாளின் கண்முன் ஒவ்வொரு வெள்ளியும் வந்தது. தம்பிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து, குனிந்து, பாட்டு முனகிக்கொண்டே தேய்த்தாளே!

"நீதானேலே டின்னோட கொண்டாந்த? ‘கலந்து தேயிக்கா, கரையான் அண்டாது, அண்ணங்கிட்டச் சொல்லாத, எந்திரிச்சதும் பாத்துச் சந்தோசப்படட்டும்’னியே! பாவி, நீதானேலே சொன்ன!"

தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் சோலைச்சாமிக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிட்டது. "சொன்னேன். அதுக்கென்ன? தேச்சது யாரு, நானா? போயி கோர்ட்டுல சொல்லு. கூடப் பொறந்தவனைக் கொன்ன கை இதுன்னு எல்லாரும் பாக்கக் கூண்டுல ஏறி நில்லு. ஊரே காறித் துப்பும். சொல்லுவியாக்கா?"

சோலைச்சாமியின் கணக்கு சரிதான். அவள் வாய் திறக்காவிட்டால் வழக்கே இல்லை.

ஒச்சம்மாள் அரிவாளோடு நடந்தாள். ஆட்கள் விலகினார்கள். அவள் சோலைச்சாமியிடம் போகவில்லை. தாவீதுராஜின் காலருகே குனிந்து கயிற்றை அறுத்தாள். "மன்னிச்சிருய்யா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஐயா, எழுதுங்க. எண்ணெ தேச்சது ஒச்சம்மாள்னு அத மொதல்ல எழுதுங்க. சொல்லிக் குடுத்தது இவன்னு அதுக்குக் கீழ எழுதுங்க. எந்தக் கூண்டுலயும் ஏறுறேன். இவன் தூக்குல தொங்குற வரைக்கும் ஊரு எம்மூஞ்சில துப்பட்டும். தொடச்சிக்கிட்டு நின்னு பாப்பேன்."