காரணச்சில்லு

கடையைத் திறந்ததும் மேசைக்கடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் பொத்தானை அழுத்துவதுதான் விசாகனின் முதல் வேலை. அது விழித்து எழ நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் டீ வந்துவிடும். சிங்காநல்லூரில் வாடகைக்கு வீடு பிடித்துக்கொடுக்கும் தரகர்கள் எல்லோரும் கைத்திரைக்கு மாறிவிட்டார்கள். அவர் மட்டும் இந்த டெஸ்க்டாப்பை விடவில்லை. அதில்தான் ‘தேர்வி’ என்ற மென்பொருள் இருந்தது. வீடு கேட்டு வருகிறவர்களின் விவரங்களைக் கொடுத்தால், யார் பொருத்தம் என்று அது பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டும். மேலே வரும் பெயருக்குச் சாவி. மற்றவர்களிடம், “மெஷின் சொல்லுதுங்க, நான் என்ன பண்ணட்டும்?” என்று கையை விரித்துவிடுவார்.

அன்று அவர் பொத்தானை அழுத்தவில்லை. பெட்டியைப் பழுதுபார்த்துக் காரணச்சில்லு பொருத்த ஆக்னஸ் வந்திருந்தாள். மனிதர்களைப் பற்றி முடிவெடுக்கும் எந்த இயந்திரமும் அந்த முடிவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்து இரண்டு வருடம். புது இயந்திரங்களில் காரணம் சொல்லும் சில்லு கூடவே வருகிறது. பழையவற்றுக்கு இந்த மாதம்தான் கடைசி.

ஆக்னஸ் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒட்டடையாய்த் திரண்டிருந்த தூசியை ஊதி எடுத்தாள்.

“எத்தனை வருஷமுங்க சார் இதுக்கு?”

“இருபத்திரண்டு. ஒரு நாள் மக்கர் பண்ணதில்லை.”

“கெப்பாசிட்டர் ரெண்டு உப்பிருச்சு பாருங்க. இன்னும் ஒரு மாசம் தாங்கியிருக்காது.”

பவர் சப்ளையை மாற்றினாள். கூடுதல் ராம் போட்டாள். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததையெல்லாம் தீப்பெட்டி அளவு இருந்த புதிய சேமிப்பகத்துக்கு நகலெடுத்தாள். கடைசியாக, விரல்நகம் போன்ற அந்தச் சில்லைச் செருகினாள். கணினி பத்தே நொடியில் எழுந்தது. விசாகனுக்கு வாயெல்லாம் பல்.

திரையில் ஒரு வரி வந்தது: ‘பழைய முடிவுகள் 1,846. காரணங்களைத் தொகுக்கிறேன்.’

“பழசெல்லாம் எதுக்குங்க?”

“சட்டமே அதுக்குத்தானுங்க. வீடு இல்லைன்னு சொன்ன ஒவ்வொருத்தருக்கும் காரணம் போயிரும். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு.”

“தாராளமாப் போகட்டும். சம்பளம் பத்தாது, ஆளுங்க ஜாஸ்தின்னு இருக்கும்.”

முதல் கடிதம் திரையில் விரிந்தது.

‘உங்கள் பெயர் கீழே தள்ளப்பட்டதற்குக் காரணம், உங்கள் பூர்வீக முகவரியில் காலனி என்று இருந்தது. அங்கிருந்து வந்த எவருக்கும் தரகர் வீடு கொடுத்ததில்லை. இதை எனக்கு யாரும் விதியாக எழுதித் தரவில்லை. அவர் தன் கையால் செய்த முதல் இருநூற்றுப் பன்னிரண்டு தேர்வுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.’

விசாகன் அதை இரண்டு முறை படித்தார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும். பெயர்கள்தான் மாறின. ஆக்னஸ் தலைநிமிராமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்கு எந்த ஊராக இருக்கும் என்று ஒரு நினைப்பு அவருக்குள் ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்கே உடம்பு கூசியது.

“பழைய டிஸ்க் படிக்க வரலைன்னு எழுதிர முடியாதுங்களா?”

“அதான் படிச்சிருச்சேங்க சார்,” என்றாள் அவள்.

பட்டியலின் நடுவே பூங்கோதை என்ற பெயரைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார். அவர் மனைவி மாலினிக்கு ஆறு வருடமாக டயாலிசிஸ் செய்யும் நர்ஸ் அவள். நான்கு வருடத்துக்கு முன், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு கேட்டு வந்தாள். மெஷின் வேறு ஆளைக் காட்டிவிட்டது என்றார். இன்றும் சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறித்தான் வருகிறாள்.

அன்று மாலினிக்கு டயாலிசிஸ் நாள். அவர் மருத்துவமனைக்குப் போனபோது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். மாலினி கட்டிலில் படுத்திருந்தாள். பூங்கோதை குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூங்கோதை, உனக்கு இப்ப ஒரு கடுதாசி வரும்மா,” என்றார். வழியெல்லாம் வேறு வார்த்தைகளைத்தான் சேர்த்துவைத்திருந்தார். வாயைத் திறந்ததும் பழகிய பேச்சுதான் வந்தது. “மெஷின்ல ஏதோ கோளாறு. மனசுல வெச்சுக்காதே.”

அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். சற்று நேரத்தில் அவளுடைய கைத்திரை அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, நின்றபடியே படித்து முடித்தாள்.

“கோளாறு ஒண்ணும் இல்லைங்க சார். சரியாத்தான் சொல்லுது. அன்னைக்கு எந்த ஊருன்னு கேட்டீங்க. சொன்னேன். ஊருக்குள்ளயா, வெளியிலயான்னு கேட்டீங்க. அப்பவே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் நீ இவளுக்கு…” விசாகன் கட்டிலைக் காட்டினார்.

“ஊசி குத்தற நேரத்துல அதை நெனைச்சா கை நடுங்குமுங்க. அதனால நெனைக்கறதில்லை.”

மாலினி தலையைத் திருப்பினாள். “என்னங்க அது? என்ன கடுதாசி?”

பூங்கோதை கைத்திரையை விசாகனிடம் நீட்டினாள். “நீங்களே படிச்சுக் காட்டுங்க சார்.”

அவர் வாங்கிக்கொண்டார். முணுமுணுப்பாகப் படித்தார். “அங்கிருந்து வந்த எவருக்கும் தரகர் வீடு கொடுத்ததில்லை…”

“கேக்கலைங்க. சத்தமாப் படிங்க,” என்றாள் மாலினி.

விசாகன் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். இந்த முறை, தரகர் என்று இருந்த இடத்தில் ‘நான்’ என்று படித்தார்.