வெறும் தண்ணீர்

இறந்துபோன மனைவி பிலாருக்கான ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலை, செவெரினோ பல்மாரெஸ் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முதுகு வளையாமல், கொன்சோர்சியாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிஸ்கட் டின், இன்னும் கையெழுத்திடாத ஒரு புகார்க் கடிதம். கொன்சோர்சியா முப்பது வருடம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புரியாத சாவுகளுக்கு இலோய்லோ ஊர்க்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"பிலாரைப் பார்த்துக்க வீட்டுக்கு வந்த நர்ஸ் லீசெல் அவளைக் கொன்னுட்டா, மேடம்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பத்து நாளாக அவருக்கு எதுவுமே உறைக்கவில்லை. "ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடுச்சுன்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்திருக்காங்க. மாத்திரைய அளவுக்கு மேல குடுத்திருக்கா. இந்தப் புகார் போனா அவ லைசென்ஸ் போயிடும். எங்க குடும்பத்துல பொய்க்குக் கையெழுத்துப் போட்ட ஆள் கிடையாது. நீங்க பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்."

ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிய டோடோங், கொன்சோர்சியாவின் நிழல், அதற்குள் டின்னைத் திறந்துவிட்டான்.

"முப்பது மாத்திரை அட்டை. தினம் ஒண்ணு, பதினெட்டு நாள். பன்னெண்டு பாக்கி. கணக்கு சரியா இருக்கே, அக்கா." பிறகு செவெரினோவின் வலது கையைப் பார்த்தான். "அண்ணே, இவ்வளவு கஞ்சி போட்டுட்டு கைமடிப்புல காபிய ஊத்திக்கிட்டீங்களே."

"நான் காபி குடிக்கறதில்ல. மூணு தடவை வெளுத்தாச்சு. போகல."

கொன்சோர்சியா அந்தப் பழுப்புக் கறையை ஒரு முறை பார்த்துவிட்டு டின்னிலிருந்த லீசெலின் குறிப்பேட்டைப் பிரித்தார். நாடி 74. பிறகு 66. பிறகு 58, கால் தளர்ச்சி. கடைசியாக 49, டாக்டருக்குப் போன் செய்தேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். வாழைப்பழம், ஆரஞ்சு கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே வரி: 'நான் வருமுன் குடித்தது தண்ணீர் மட்டும். கணவர் சொன்னது.'

"இந்த மாத்திரை உடம்புல தேங்குற நீரை வெளிய தள்ளும், ஆனா பொட்டாசியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பிலார் மாதிரி சிறுநீரகம் தளர்ந்தவங்களுக்கு அது வெளியேற வழி குறைவு. அதனாலதான் லீசெல் பழத்தை நிறுத்தியிருக்கா. மாத்திரையும் கூடல. அப்போ பொட்டாசியம் எந்த வழியா வந்துது?"

"மீனா இருக்குமோ?" என்றான் டோடோங் ஆவலாக.

"மீன் சட்டைல இப்படிக் கறை போடாது. அண்ணே, காலைல நீங்க குடுத்த தண்ணி குழாய்த் தண்ணியா?"

"எங்க தோட்டத்து இளநீர்," என்றார் செவெரினோ. "சிறுநீரகத்தைக் கழுவி விடும்னு எல்லாருக்கும் தெரியும். வேலைக்காரங்ககிட்ட விடாம நானே வெட்டி, நானே ஊத்தி..."

அவர் தன் கைமடிப்பிலிருந்த இளநீர்க் கறையைப் பார்த்தார்.

"எத்தனை தம்ளர்?"

"முதல்ல ஒண்ணு." கைமடிப்பை உள்பக்கமாக மடித்துவிட்டார். "கால் தளர்ந்ததும் ரெண்டாக்கினேன்."

டோடோங் டின்னைச் சத்தமில்லாமல் மூடினான்.

"இளநீர்ல பொட்டாசியம் நிறைய இருக்கு, அண்ணே. அவ கேட்டப்போ நீங்க தண்ணின்னீங்க," என்றார் கொன்சோர்சியா. "நம்ம ஊர்ல அதுவும் தண்ணிதான். என்ன தண்ணின்னு அவ இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனா நீங்க பொய் சொல்லல, அவளும் மருந்துல தப்புப் பண்ணல."

செவெரினோ அழவில்லை. முதுகும் வளையவில்லை. டோடோங் ஒரு தம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான், அண்ணே."

குடித்தார். பிறகு பேனாவை வாங்கி, புகார்க் கடிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதினார்: 'பிலாருக்கு இளநீர் கொடுத்தது நான். கேட்டவளிடம் தண்ணீர் என்று சொன்னதும் நான்.' அதன்கீழ் தன் முழுப்பெயரை, ஓர் எழுத்தும் சுருக்காமல், எழுதிக் கையெழுத்திட்டார்.