ஸ்டேஷனில் இருக்கும் பெரியவர்

தபீதாளுக்கு வாயில் சேதி தங்காது. எதைக் கேட்டாலும் அதை யாரிடமாவது சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். மற்றபடி நல்ல பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது ரேங்க்.

தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு சின்னத் தெருவில் அவள் வீடு. எதிர்வீடு துளசிங்கத்தின் வீடு. அவனும் அதே வகுப்புதான். இருவரும் சேர்ந்து பள்ளிக்குப் போவார்கள், சேர்ந்து வருவார்கள். பாதி வழியில் சண்டை போட்டு, தெருமுனைக்குள் பழம் விட்டுவிடுவார்கள்.

1989-ஆம் வருஷம் பொங்கலும் சட்டசபைத் தேர்தலும் அடுத்தடுத்து வந்தன. தபீதாளின் அப்பா ஜெபராஜ் ஒரு கட்சி. துளசிங்கத்தின் அப்பா சிட்டிபாபு இன்னொரு கட்சி. இந்தச் சுவரில் ஒரு சின்னம், அந்தச் சுவரில் வேறொரு சின்னம். குழாயடியில் பார்த்துக்கொண்டால் இருவரும் "என்ன சார்" என்பதோடு சரி.

அவர்களுக்குள் ஒத்துப்போகாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. அது சிட்டிபாபு வீட்டுத் துப்பாக்கி.

லைசென்ஸ் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி அது. அந்தக் குடும்பத்துக்கு முன்பு ஏரிக்கரையில் நிலம் இருந்தது. பயிரை மேய வரும் காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காகத் துளசிங்கத்தின் கொள்ளுத்தாத்தா அதை வாங்கினாராம். பிறகு நிலமெல்லாம் வீட்டுமனைகளாகிவிட்டது. பன்றிகளும் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. துப்பாக்கி மட்டும் கூடத்துச் சுவரில் தொங்கியது. ஆயுத பூஜை வந்தால் அதற்குச் சந்தனம், குங்குமம், பொரிகடலை எல்லாம் உண்டு.

தபீதாள் வீட்டில் கதையே வேறு. கிறிஸ்துமஸுக்கு மாமா ஆசையாக வாங்கி வந்த பொட்டுவெடித் துப்பாக்கியைக்கூட அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜெபராஜ் இளைஞராக இருந்தபோது ஒரு வேலைநிறுத்த ஊர்வலத்தில் போனார். அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. பக்கத்தில் நின்ற நண்பருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் இறங்கிப்போகும். எதிர்வீட்டுத் துப்பாக்கியை அவர் 'அந்தச் சனியன்' என்றுதான் சொல்வார். தபீதாளும் அப்படித்தான் சொல்வாள், துளசிங்கம் பக்கத்தில் இல்லாதபோது. அது தொங்கும் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அம்மா அருள்மேரியின் உத்தரவு.

பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. துளசிங்கம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். என்ன என்று கேட்டாள் தபீதாள்.

"பெரியவரைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல வச்சுட்டாங்க. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் அங்கதானாம். வீடே வெறிச்சுனு கீது."

அதற்குள் அவன் அம்மா கூப்பிட, உள்ளே ஓடிவிட்டான்.

பெரியவர் என்றால் தாத்தா என்றே தபீதாள் நினைத்தாள். துளசிங்கத்தின் தாத்தா ராஜகோபாலை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நெல்லிக்காய் கொடுப்பார், தெருவில் பம்பரம் விடுவார். இரண்டு நாளாக அவருடைய சாய்வு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. ஐயோ பாவம், தாத்தாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

அன்றைக்குப் பார்த்து ரத்தினம் அண்ணன் வந்தார். அப்பாவின் கட்சிக்காரர். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பிரசாரம் செய்கிறவர். சுவரொட்டிக் கட்டை எடுக்க வந்தவரிடம் தபீதாள் வருத்தத்தோடு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ரத்தினம் அண்ணனுக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. சுவரொட்டியை மறந்துவிட்டு ஆட்டோவை நோக்கி ஓடினார்.

கால் மணி நேரத்தில் தெருவே கேட்டது. "வாக்காளப் பெருமக்களே, நம்ம எதிர்க் கட்சிக்காரர் சிட்டிபாபு வூட்டுப் பெரியவர் இப்போ எங்க கீறார் தெரியுமா? போலீஸ் ஸ்டேஷன்ல கீறார்."

இரண்டு தெரு சுற்றி வந்தது அந்த ஆட்டோ. சிட்டிபாபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் கட்சிக்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தெருமுனை டீக்கடையில் ரத்தினம் அண்ணனின் ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். கடைக்காரர் பாட்டில்களை எடுத்து உள்ளே வைத்தார்.

தபீதாள் பயந்துபோய் துளசிங்கத்திடம் ஓடினாள். அவன் கண் சிவந்திருந்தது.

"எங்க தாத்தா அனகாபுத்தூர்ல அத்தை வீட்டுக்குப் பொங்கச் சீர் எடுத்துக்கினு போயிருக்காரு. நான் துப்பாக்கிய சொன்னேன். எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் வச்சிருக்கறவங்க எல்லாரும் ஸ்டேஷன்ல குடுத்துட்டு ரசீது வாங்கிக்கணும்."

"பெரியவர்னு சொன்னியே."

"எங்க வீட்ல அதைப் பெரியவர்னுதான் சொல்வோம். கொள்ளுத்தாத்தா தொட்ட பொருளாச்சே. உங்க வீட்டுக்கு எங்களக் கண்டாலே ஆகாது. இனிமே எங்கூடப் பேசாத."

கதவு சாத்திக்கொண்டது. எத்தனையோ முறை காய் விட்டிருக்கிறான். ஆனால் இப்படிக் கதவைச் சாத்தியதில்லை. இவனோடு பேசாமல் எப்படிப் பள்ளிக்கூடம் போவது?

அவள் நேராகத் தெருமுனைக்கு ஓடினாள். ஆட்டோ ஓரமாக நின்றது. நடந்ததைச் சொல்லி, தப்பைத் திருத்தச் சொன்னாள். ரத்தினம் அண்ணன் டீயை ஊதிக் குடித்தார்.

"வுடு பாப்பா. எலெக்‌ஷன் முடியட்டும், நானே சொல்லிடறேன். நம்ம கட்சிக்குத்தான நல்லது?"

தபீதாள் ஆட்டோப் பக்கம் திரும்பினாள். ஆட்டோ சீட்டில் மைக் கிடந்தது. ஸ்பீக்கர் 'உய்ங்' என்று முனகிக்கொண்டிருந்தது. அவள் மைக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

"என் பேரு தபீதாள். ஜெபராஜ் பொண்ணு. ஸ்டேஷன்ல இருக்கறது தாத்தா இல்ல. துப்பாக்கி. எலெக்‌ஷனுக்காகக் குடுத்து வச்சிருக்காங்க. அவங்க வீட்ல அதுக்குப் பேரு பெரியவர். எங்க வீட்ல வேற பேரு. அதனால எனக்குப் புரியல. தப்பு என்னுது. துளசி, நீ எங்கூடப் பேசுடா."

கடைசி வரி அவள் நினைத்துச் சொன்னதில்லை. தானாக வந்து விழுந்தது. அது நாலு தெருவுக்குக் கேட்டது.

கூட்டம் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து, ஒரு கையில் பையும் மறு கையில் கரும்புமாகப் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார் ராஜகோபால் தாத்தா. இருபது பேரும் அவரையே பார்த்தார்கள்.

"இன்னாடா இது? பேயைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்றார் தாத்தா.

முதலில் சிரித்தவர் சிட்டிபாபுதான். பிறகு இந்தப் பத்துப் பேரும் சிரித்தார்கள், அந்தப் பத்துப் பேரும் சிரித்தார்கள். வேலை முடிந்து வந்த ஜெபராஜ் விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூட மாற்றவில்லை. எதிர்வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ரத்தினம் அண்ணன் அதே இரண்டு தெருவையும் மறுபடி சுற்றி, சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வர வேண்டியதாயிற்று.

பொங்கலன்று துளசிங்கம் ஒரு துண்டுக் கரும்போடு வந்தான். இருவரும் படியில் உட்கார்ந்து கடித்தார்கள்.

"உங்க வீட்ல அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டான்.

தபீதாள் தயங்கினாள். "சனியன்" என்றாள். அப்பாவின் நண்பரைப் பற்றியும் சொன்னாள். அவன் கரும்பைக் கடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் உங்க வீட்ல பொறந்திருந்தா நானும் சனியன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான் கடைசியில்.

"நான் உங்க வீட்ல பொறந்திருந்தா பெரியவருக்குப் பொட்டு வச்சிருப்பேன்" என்றாள் தபீதாள். நினைத்துப் பார்க்கவே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தேர்தல் முடிந்தது. யாரோ ஜெயித்தார்கள், யாரோ தோற்றார்கள். ரசீதைக் காட்டி சிட்டிபாபு துப்பாக்கியை வாங்கி வந்தார். மறுநாள் காலை குழாயடியில் ஜெபராஜ் அவரைப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன சார், பெரியவர் வீட்டுக்கு வந்துட்டாரா?"

சிட்டிபாபு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார், "எந்தப் பெரியவர் சார்?"