இரும்புத் தகட்டில் புது வெட்டு

துளையின் விளிம்பில் ஒரு வெட்டு கூடுதலாக இருந்தது.

அவள் உருப்பெருக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி கண்ணில் வைத்துப் பார்த்தாள். பழைய வெட்டுகள் நான்கும் தகட்டைப் போலவே கருத்து, முனை மழுங்கி, என்றோ நடந்து முடிந்துபோன காரியமாக அமைதியாகக் கிடந்தன. ஐந்தாவது மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது, சற்று முன்தான் யாரோ உளியை வைத்துத் தட்டிவிட்டுப் போன மாதிரி. இரும்பு அப்படி இருப்பது ஓரிரு நாள்தான். பிறகு துரு ஏறிவிடும். பல் மருத்துவர்களுக்கு உலோக உறைகளை வார்த்துக் கொடுக்கும் லேபில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே, கை வழுக்கிக் கூர்மேல் போய்விடாமல் தடுக்க ஒரு காப்புத் தகடு உண்டு. உள்ளங்கை அகல இரும்பு வட்டம். நடுவில், பிடிக்குள் செருகும் அலகின் வால் நுழைய ஆப்பு வடிவத்தில் ஒரு துளை. பழைய தகடுகளைச் சேர்க்கும் கிறுக்கு அவளுக்குப் பிடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. முதலில் வாங்கிய இரண்டும் அடித்துச் செய்யாமல் அச்சில் வார்த்த போலிகள். விளிம்பில் வார்ப்பு அச்சின் கோடு ஓடுவதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். நாள் முழுக்க அச்சோடு மல்லுக்கட்டுகிறவள் அச்சிலேயே ஏமாந்தது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. அதன் பிறகு எதையும் லேசில் நம்புவதில்லை. துரு ஒரே சீராக இருந்தால் அமிலத்தில் ஊற வைத்ததோ என்று பார்ப்பாள். நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டி, மணிபோல ஒலிக்கிறதா என்று கேட்பாள். கடைசியாகத் துளை. அது வாலுக்குத் தளர்வாக இருந்தால் விளிம்பை உளியால் அடித்து, இரும்பை உள்ளே தள்ளி இறுக்குவார்கள். வெட்டு இருந்தால், அது ஒரு வாளில் ஏறிய தகடு.

மூன்றாவதாக வாங்கிய இது எல்லாவற்றிலும் தேறியது. பழம்பொருள் கடைக்காரர் துணியில் சுற்றிக் கொடுத்தபோது, "பிடிக்கலைன்னு திருப்பிக் கொண்டு வந்துராதீங்கம்மா," என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் தெரிந்தது வியாபாரம் முடிந்த சந்தோஷம் இல்லை, பாரம் இறங்கிய நிம்மதி. அன்றே அவளுக்கு உறுத்தியது.

கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலைச் சவாரி முடிந்து பத்து மணிக்கு வந்தால் மூன்று மணி வரை வீட்டில் அவர் மட்டும்தான். அவர் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக்கூடத் திறந்து பார்ப்பார்.

"என் இழுப்பறையைத் திறந்தீங்களா?"

"அந்த ஓட்டைச் சில்லு இருக்கே, அதுவா? எனக்கு எதுக்கு அது," என்றார். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கண்ணை எடுக்காததை அவள் குறித்துக்கொண்டாள்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கிரீஸ் வாடை. ஸ்பானர்களுக்கு அடியில் ஒரு சின்ன உளி, முனை மட்டும் பளிச்சென்று. ஈரத் தலையோடு வந்து நின்றவர், "ஜன்னல் கொக்கி இறுகிப் போயிருந்துச்சு. அதான்," என்றார், அவள் எதுவும் கேட்காமலேயே. ஜன்னல் கொக்கியும் இப்போது லேசாகத்தான் திறந்தது. ஆனாலும் கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

தகட்டைப் படம் எடுத்தாள். துளையை அளந்தாள். இழுப்பறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலையில் திறந்தபோது ஏழு வெட்டுகள் இருந்தன. பூட்டில் கீறல்கூட இல்லை. துளையின் அளவு ஒரு மயிரிழை குறைந்திருந்தது.

அன்று இரவு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் விரல் நகங்களில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா கூட இருக்கேன். ஒரு இரும்புத் துண்டுக்காக என்னைத் திருடன் மாதிரி பாக்குற."

"திருடன்னு நான் சொன்னேனா?"

"சொல்லிருந்தா பரவால்ல," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் தகட்டை லேபுக்கு எடுத்துப் போய், தங்கம் வைக்கும் இரும்பு அலமாரியில் பூட்டினாள். அதற்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம், இன்னொன்று வெளியூர் போயிருந்த முதலாளியிடம். அடுத்த நாள் காலை, மற்றவர்கள் வருமுன், உருகிய மெழுகின் வாடை தேங்கிய அறையில் தனியாக நின்று அலமாரியைத் திறந்தாள்.

எட்டு.

துளையைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு தடம் வேறு, வாள்பிடியின் வாய் அழுந்தி உரசியது போன்ற மினுக்கத்தோடு. நூலில் தொங்கவிட்டுச் சுண்டினாள். கடையில் கணீரென்று ஒலித்த தகடு இப்போது 'டப்' என்றது, யாரோ கையால் பிடித்துக்கொண்டிருக்கும் மணியைப் போல.

அவர் செய்யவில்லை. 

கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவள் யாரென்று சொன்னதுமே அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை வெட்டும்மா?"

"எட்டு."

 "என்கிட்ட வந்தப்போ ரெண்டு. நாலானதும் உங்ககிட்டக் கொடுத்துட்டேன்."

"யாரு அடிக்கிறாங்க?"

"தெரியாதும்மா. வீட்டுல யாரையாவது சந்தேகப்பட்டீங்களா?"

அவள் தகட்டைத் துணியால் மூடினாள்.

"நான் பட்டேன். என் தம்பியை. அவன் இப்போ உயிரோட இல்ல," என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

மாலை வரை ஒரு வேலையும் ஓடவில்லை. தகட்டை ஒரு மரப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு மழையில் பேருந்து ஏறினாள். முதலில் கணவரிடம் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு பேருமாகப் போய் இதை எங்காவது ஆழமான தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மடியில் இருந்த பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மிகச் சிறிய சுத்தியல் தட்டுவது போல. மறுபடி, டிக். பக்கத்து இருக்கைப் பெண் அவள் மடியைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் மின்சாரம் இல்லை. ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம் மிச்சமிருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம், அவர் இருக்கிறார். பெட்டியை மேஜையில் வைத்தாள். சத்தம் நின்றுவிட்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. திறந்தாள்.

தகடு படுத்திருக்கவில்லை. விளிம்பில் நின்றது.

பெட்டியை மேஜைமேல் கவிழ்த்து எடுத்தாள். தகடு அப்படியே நின்றது. விரலால் தள்ளினாள். ஆடவில்லை. எதன்மேலோ ஏறி இறுகிவிட்டது. துளைக்குள் ஒன்றுமில்லை, அதன் வழியே எதிர்ச் சுவர் தெரிந்தது.

எறிந்துவிட வேண்டும். இப்போதே. கையை நீட்டினாள்.

தகட்டைத் தொடும் முன்பே உள்ளங்கையில் ஏதோ வந்து பொருந்தியது. நீளமாக. நூல் சுற்றிய வாள்பிடியின் சொரசொரப்போடு. கண்ணுக்குத் தெரியவில்லை. விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன. அவள் மூடவில்லை. அவள் விரல்களின் மேல் வேறு விரல்கள் இருந்தன. குளிர்ந்தவை. அவசரமில்லாதவை.

தகடு மேஜையை விட்டு எழுந்தது. இடுப்பு உயரம். மார்பு உயரம்.

"டீ போட்டேன்," என்றபடி அவர் வந்தார், கையில் ஒரு கோப்பையோடு. "கோபம் போச்சா, இன்னும் இருக்கா?"

வராதீங்க. வாய் திறந்தது. குரல் வரவில்லை.

அரை இருட்டில் அவள் தகட்டைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். இன்னும் இரண்டு அடி வந்தார். கோப்பையை அவளுக்காகவே நெஞ்சருகே பிடித்திருந்தார். ஆவி நேராக மேலே போய், அவர் மோவாய்க்குச் சற்றுக் கீழே, ஒன்றுமில்லாத ஒரு மெல்லிய கோட்டின் இருபுறமும், இரண்டாகப் பிரிந்தது.

"சூடா இருக்கு, பாத்து," என்று சொல்லி, ஊதிக் கொடுக்க அவர் தலையைக் குனிந்தார்.