பன்னிரண்டு கண் ஜீப்

அந்த ஜீப்புக்கு இரண்டு கண்கள் இருந்தன. ஒன்று தரையைப் பார்க்கும். இன்னொன்று தைலமரத்து உச்சியைப் பார்க்கும். நேரே பாதையைப் பார்க்க மட்டும் இரண்டுக்கும் மனசே வராது.

அந்த மாறுகண் ஜீப்பைத்தான் தேவிப்ரியாவின் அம்மா அழகி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா சவுதிக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன வண்டி அது. மாங்குடிக்காட்டில் பறிக்கிற மல்லிகையும் முல்லையும் தினமும் விடியக் கருக்கலில் அதில் ஏறும். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் ஏலம் தொடங்கும் முன்னால் போய் இறங்க வேண்டும். போகிற வழியோ தைலமரக் காட்டுக்குள்ளே கிடந்த செம்மண் தடம். மழை பெய்தால் பள்ளம் எது, பாதை எது என்று அந்தத் தடத்துக்கே தெரியாது.

ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அம்மா சீட்டியடிப்பார். என்ன பாட்டு என்று யாருக்கும் புரியாது, ஆனால் ஊரே அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும்.

போன வாரம் அந்தச் சீட்டி நின்றுபோனது. வாய்க்கால் பக்கத்துப் பள்ளம் இருட்டில் தெரியாமல் ஜீப் முன்சக்கரத்தை அதில் விட்டுவிட்டது. ஆள் கூட்டிவந்து தள்ளி ஏற்றுவதற்குள் வெயில் வந்து, ஏலமும் முடிந்துவிட்டது. மொட்டாக விற்க வேண்டிய மல்லிகை மூட்டைக்குள்ளேயே விரிந்து சிரித்தது. பூக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊர்ப் பூக்காரர்களுக்கெல்லாம் மூக்கன் தாத்தா சொன்னால் சொன்னதுதான். அவர் வாசலில் வந்து நின்று மெதுவாகத்தான் பேசினார்.

"அழகி, ஒன் மேல கோவம் இல்லத்தா. ஆயுத பூசைக்கு மொத நாளு பூவுக்கு எம்புட்டு கிராக்கின்னு ஒனக்கே தெரியும். அன்னைக்கும் லேட்டாச்சுன்னா, நாங்க வேற வண்டிதான் பாக்கணும்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவே தேவிப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. ஜீப்பை விட்டால் அம்மாவுக்கு வேறு வேலையும் கிடையாது, வேறு எந்த வேலையும் பிடிக்கவும் பிடிக்காது.

மெக்கானிக் ஹெட்லைட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் கறுத்துப்போச்சு, செட்டையே மாற்றணும் என்றார். தீபாவளிக்குப் பார்ப்போம் என்றார் அம்மா. ஆயுத பூசையோ தீபாவளிக்கு முன்னால் வந்து நிற்கிறது!

தேவிப்ரியா ஏழாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்கு வயர் பற்றவைத்தபோது விரலையும் சேர்த்துப் பற்றவைத்துக்கொண்டவள். அந்தத் தழும்பை அவள் மெடல் மாதிரி எல்லோருக்கும் காட்டுவாள். காலாண்டு விடுமுறை வேறு. கை சும்மா இருக்குமா?

நேராக ஆத்மநாதன் மாமாவின் லைட் செட் கடைக்குப் போனாள். திருவிழாவுக்கெல்லாம் விளக்குப் போடுகிறவர் அவர். கடைக்குப் பின்னால் எரியாத லைட்டுகள் மலையாகக் கிடந்தன.

"செத்த லைட்ட வச்சு என்னத்தா பண்ணப் போறே?" என்றார்.

"உசுரு குடுக்கப் போறேன் மாமா."

அவர் சிரித்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உள்ளே இருந்த குட்டிக் குட்டி எல்இடிகளை ஒவ்வொன்றாகப் பாட்டரியில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளை வெளிச்சம் தருபவை பதின்மூன்று தேறின. அவற்றில் பன்னிரண்டை மும்மூன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு வரிசைக்கும் மின்சாரத்தை அளவாக விடுகிற ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தாள். பழைய கட்டில் பலகை ஒன்றில் வரிசையாக ஒட்டினாள். பாட்டரியில் கொடுத்ததும் பளீரென்று எரிந்தது. தாங்க முடியாத சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

அம்மா வருவதற்குள் கருகல் வாசனை வந்துவிட்டது. ஒரு எல்இடி தீய்ந்து, அதன் வரிசையே அணைந்து கிடந்தது.

"பலகையப் போட்டு அடுப்புல எரிச்சிரலாம். நீ படிக்கிற வேலையப் பாரு," என்று அம்மா உள்ளே போய்விட்டார்.

தேவிப்ரியாவுக்கு அழுகை முட்டியது. அழுகை வந்தாலும் பசி வராமலா இருக்கும்? அன்று இரவு தோசை. தோசை திருப்பியின் இரும்புப் பக்கத்தில் தெரியாமல் கை பட்டுச் சுட்டுவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மரப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவே இல்லை. இரும்பு சூட்டை வாங்கிக் கடத்தும், மரம் வாங்காது. அப்படியென்றால் எல்இடியின் சூடு பலகைக்குள் போக வழியில்லாமல் அங்கேயே நின்றுதானே அதைத் தீய்த்திருக்கிறது? பாதித் தோசையை அப்படியே விட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் ஜன்னல் செய்கிற பட்டறையில் வெட்டியது போக மிஞ்சிய அலுமினியச் சட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். பலகையிலிருந்து எல்இடிகளைப் பெயர்த்து அதில் ஒட்டினாள். தீய்ந்ததற்குப் பதிலாகப் பதின்மூன்றாவது எல்இடி போனது. முன்னால் பழைய போட்டோ பிரேமின் கண்ணாடியை வைத்து, தண்ணீர் புகாதபடி சுற்றிலும் பசை தடவினாள். பாட்டரி வயரின் நடுவே ஃபியூஸ், ஸ்டியரிங் பக்கத்தில் தனி ஸ்விட்ச். வெகுநேரம் எரியவிட்டும் சட்டம்தான் சூடானது, ஒரு எல்இடிகூடச் சாகவில்லை.

முதலில் ஜீப்பின் தலையில் கட்டிப் பார்த்தாள். வெளிச்சம் பானட்டில் பட்டுத் திரும்பி அம்மாவின் கண்ணையே கூசவைத்தது. ஆகவே கீழே, முன் பம்பரில் மாட்டினாள். காட்டுப் பாதையில் எதிரே பூப்பறிக்க நடந்து வருகிறவர்களின் கண்ணிலும் அடிக்கக்கூடாதே என்று சற்றே தரையைப் பார்க்கச் சாய்த்தாள். யாராவது எதிரே வந்தால் அணைத்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தார் ரோட்டில் போட்டுவிட, பழைய யூனிபார்ம் பாவாடையில் உறை ஒன்றும் தைத்தாள்.

அம்மா ஸ்பானரை வாங்கி போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். அதிலேயே தேவிப்ரியாவுக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆயுத பூசைக்கு முதல் நாள். கருக்கலிலேயே தூறல் ஆரம்பித்துவிட்டது. மூட்டைகள் ஏறின. மூக்கன் தாத்தாவும் மார்க்கெட்டுக்கு வருவதாகச் சொல்லி, மூட்டைகளுக்கு நடுவே ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டார். தேவிப்ரியா முன்சீட்டில்.

காட்டுக்குள் நுழைந்ததும் அம்மா புது ஸ்விட்சைப் போட்டார்.

பளீரென்று வர வேண்டிய வெளிச்சம், மங்கலாகச் சிவந்து வழிந்தது. பக்கத்து மரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அம்மா பிரேக்கை மிதித்தார். பள்ளம் இன்னும் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. விடியட்டும் என்று நின்றால் ஏலம் போய்விடும்.

எந்த வயர் விட்டுப்போச்சோ என்று தேவிப்ரியா டார்ச்சோடு குதித்து ஓடினாள். வயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் வெளிச்சத்தை அடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு எல்இடிக்கும் நேரே ஒவ்வொரு பொட்டு. அரையணா அகலத்துக்குச் சந்தனம், நடுவிலே குங்குமம். மொத்தம் பன்னிரண்டு. ஒன்றுகூட விடவில்லை.

மூக்கன் தாத்தா மெல்ல இறங்கி வந்தார். "புதுச் சாமான் பாரு. பொட்டு வைக்காம ஓட்டக்கூடாதுன்னு, மூட்டை ஏத்தறப்ப நான்தான் வச்சேன். மழையில கரைஞ்சிரக் கூடாதுன்னு நல்லெண்ணெயில கொழச்சு வச்சேன்." சொல்லச் சொல்ல அவர் குரல் உள்ளே போய்விட்டது.

பதறிப்போய்த் தன் துண்டால் துடைக்கவும் துடைத்தார். எண்ணெய்க் குங்குமம் கண்ணாடி முழுக்க இழுபட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். துண்டு சிவந்ததே தவிர கண்ணாடி வெளுக்கவில்லை.

"நானே காரியத்தைக் கெடுத்துட்டேனே," என்றார் தாத்தா. மழையில் நனைந்துகொண்டு அவர் நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேவிப்ரியாவுக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

"நீங்க நல்லதுக்குத்தானே தாத்தா வச்சீங்க," என்றாள். சொல்லிக்கொண்டே யோசித்தாள். வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கேறிய குத்துவிளக்கைத் துலக்குவது அவள் வேலைதான். வெறும் தண்ணீருக்கு அந்தப் பிசுக்கு அசைந்து கொடுக்காது. சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் மறுபேச்சில்லாமல் போய்விடும். இந்தக் காட்டில், இந்த மழையில், காய்ந்த சாம்பலுக்கு எங்கே போவது?

அவள் பார்வை தாத்தாவின் நெற்றிப் பட்டையில் போய் நின்றது. அங்கிருந்து அவர் இடுப்புச் சுருக்குப்பைக்கு இறங்கியது.

"தாத்தா, ஒங்க துண்ணூறு கொஞ்சம் தாங்களேன்."

தாத்தா சுருக்குப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பழனித் துண்ணூறுடி இது. இதப் போட்டா வெளக்குத் தேய்க்கிறது?"

"பூவும் சாமிக்குத்தானே தாத்தா போகுது?"

தாத்தா பையை அவிழ்த்து, முருகா என்று சொல்லி அவள் உள்ளங்கையில் கொட்டினார்.

ஈரத் துணியில் திருநீற்றைத் தொட்டுத் தொட்டு அவள் தேய்த்தாள். எண்ணெயையெல்லாம் திருநீறு உறிஞ்சிக்கொண்டது. மழைத் தண்ணீரில் ஒரு அலசு அலசியதும் கண்ணாடி பளிங்காக இருந்தது.

"போடுங்கம்மா," என்றாள்.

காடே எழுந்து நின்றது! வரிசை வரிசையாகத் தைலமரங்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. முயல் ஒன்று பாதையின் நடுவில் திகைத்து நின்று, பிறகு எடுத்தது ஓட்டம். அப்பால் அந்தப் பள்ளம், போன வாரத்தைவிடப் பெரிதாக வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரோடு கிடந்தது. அதன் விளிம்பு, அந்தப் பக்கத்துக் கெட்டி மண், எல்லாம் பகலில் பார்க்கிற மாதிரி தெரிந்தன. அம்மா ஸ்டியரிங்கை ஒரு ஒடி ஒடித்தார். ஜீப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஜம்மென்று மேலேறியது.

அப்போது அம்மா சீட்டியடிக்க ஆரம்பித்தார். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! தேவிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மழைச் சாரல் என்று துடைத்துக்கொண்டாள்.

தார் ரோடு வந்ததும் அவளே இறங்கி லைட்டுக்குப் பாவாடை உறையை மாட்டினாள். கீரமங்கலத்தில் அவர்கள் இறங்கியபோது ஏலக்காரர் அப்போதுதான் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாங்குடிக்காட்டுப் பூ மூட்டைதான் முதலில் பிரிந்தது. ஒரு மொட்டுகூட வாய் திறக்கவில்லை. மூக்கன் தாத்தாதான் திறந்த வாயை மூடவில்லை. வண்டி என்றால் எங்கள் ஊர் அழகி வண்டி, லைட் என்றால் அந்தப் பிள்ளை செய்த லைட் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். வேறு வண்டி என்ற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் ஆயுத பூசை. கழுவித் துடைத்த ஜீப் மாலையோடு நின்றது. மூக்கன் தாத்தா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பம்பருக்கு முன்னால் நின்றார், பன்னிரண்டு கண்களையும் பார்த்தார், விரலில் எடுத்த சந்தனத்தோடு இரண்டடி பின்னுக்கு நகர்ந்தார்.

அப்புறம் தேவிப்ரியாவின் பக்கம் திரும்பினார்.

"நெத்தியக் காட்டு ஆத்தா. இங்க வச்சா வெளிச்சம் கொறையாதுல்ல?"