அளவு சொன்ன டெய்லர்

பழங்கால உடுப்புக் கண்காட்சியின் முதல் கோட்டுச் சட்டையிலேயே டெய்லருக்கு உறுத்தியது. பொம்மைக்கு மாட்டுகிற உடுப்பென்றால் முதுகுப்பக்கம் துணியை இழுத்துக் குண்டூசி குத்தியிருப்பார்கள். முன்னால் நிற்கிறவனுக்கு மட்டும்தான் அழகு. இங்கே ஓர் ஊசிகூட இல்லை. அக்குள்வரை துணி அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"நூறு வருஷத்து உடுப்பாம்! போன வாரம் தைச்சு டீத்தண்ணியில முக்கி வெச்சிருக்கானுங்க."

"அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டுப் பாருங்களேன். ஒரு மாசமா கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்று மனைவி அலுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கந்தல் துணியைப் பார்க்க ஊரே திரண்டு வந்திருந்தது. காலருக்கும் கைமடிப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மங்களெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்து வாய் பிளந்தன. குளிரூட்டிய அந்தக் கூடங்களில் பாச்சை உருண்டை நெடிக்கு அடியில் இன்னொரு வாடையும் அவருக்குத் தட்டுப்பட்டது. சற்றுமுன் கழற்றிப் போட்ட சட்டையின் சூடான வியர்வை வாடை.

மூன்றாவது கூடத்தில், பார்வையாளர் முன்னாலேயே ஒருத்தி பச்சைப் பட்டில் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். கவுனின் கழுத்துப்பக்கத்தை வெட்டிப் பார்ப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தாள். டெய்லருக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்கும்மா இது?"

"அதான் சார் தெரியல. அளவே அமைய மாட்டேங்குது."

"உங்களையெல்லாம் எவன் வேலைக்கு வெச்சான்? அதோ வாசல்கிட்ட நிக்கிறா பாருங்க, என் வீட்டுக்காரி. அவளுக்கு வெட்டுங்க, கச்சிதமா வரும். மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பத்திரண்டு. தோள் பதினாலேகால். இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், கோட்டை விட்டுடாதீங்க."

"கழுத்து?"

"பதிமூணு. டேப்பே வேண்டாம் எனக்கு!"

அவள் எல்லாவற்றையும் பட்டின்மேல் சாக்கட்டியால் குறித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி சார். இதைத்தான் காலையிலேர்ந்து தேடிட்டிருந்தோம்."

அவர் பெருமையாகத் திரும்பினார். வாசலில் மனைவி இல்லை.

கழிப்பறைக்குப் போயிருப்பாள் என்று காத்திருந்தார். வரவில்லை. மறுபடி திரும்பியபோது தையல்காரியும் இல்லை, பச்சைப் பட்டும் இல்லை. மனைவி இல்லாவிட்டால் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர். போன் போட்டார். மணி அடித்தது. இங்கேதான், பக்கத்தில். கடைசிக் கூடத்தில்.

ஓடினார். கூட்டம். முழங்கையால் இடித்துப் புகுந்தார்.

மேடையில் பச்சைக் கவுன். அதற்குள் மனைவி. மணி அந்தக் கவுனுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

கழுத்தைச் சுற்றித் தையல். பட்டில் இறங்கி, தோலில் ஏறி, மறுபடி பட்டில். பொடிப்பொடியாக, ஒரே சீராக. உதடுகளிலும் அதே பச்சை நூல்.

அவள் கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின.

"சார், கொஞ்சம் நகருங்க. போட்டோல விழறீங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பட்டில் கறை பட்டுவிடாமல் இருக்க, மேடையோரம் நின்ற தையல்காரி எட்டி, சாக்கட்டி படிந்த விரலால் அதைத் துடைத்தாள்.