மரத்துச் சுவை

பியரின் வரலாற்றை இனி திண்டுக்கல்லுக்கு முன், திண்டுக்கல்லுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். சிறுமலை சாலையில் உள்ள மனமகிழ் மன்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்மீல் ஸ்டவுட் எனப்படும் ஓட்ஸ் கலந்த கறுப்பு பியரைச் சுவைத்து மதிப்பெண் போடும் தென்னாட்டின் முதல் நடுவர் அமர்வு கூடியது. மூன்று நடுவர்கள், ஐந்து வகை பாட்டில்கள். பாட்டில்கள் பெங்களூரிலிருந்து எப்படி வந்தன என்று கேட்பது நாகரிகமல்ல. மாலை நாலு மணிக்கு முடிவை அறிவிக்க மைக்கைத் தட்டியபோது, நடுவர்களில் ஒருவர் செத்திருந்தார்.

சூசைமாணிக்கம். நாகல் நகரில் டைல்ஸ் கடை. மேஜைமேல் தலையைச் சாய்த்தபடியே சில்லிட்டுப் போயிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பிரிஸ்கில்லா ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார். அறை முழுக்க பியர் நாற்றம் என்று கூட வந்த போலீஸ்காரர் மூக்கைப் பொத்தினார். பிரிஸ்கில்லாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருந்தொற்றுக் காய்ச்சல் அவரிடமிருந்து வாசனை, ருசி, புருஷன் மூன்றையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டது. “எல்லாம் மரத்துப் போச்சு சார்” என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நாக்கை மட்டும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து மணி அடித்தால் சாப்பிடுவார். போன் அடித்தால் பிணம் பார்ப்பார்.

பார்த்தார். ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்த அறையில், பிணத்தின் நீலச் சட்டை முதுகு முழுக்க வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. மேஜை விரிப்பில் வெள்ளைப் பொடி சிதறிக் கிடந்தது.

“விஷம், மேடம்!” என்றார் தலைமை நடுவர் முருகேசன். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருடைய குரலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. “இந்த சர்வர் இருளப்பன் கிண்ணத்துல பொடி கொண்டாந்து சூசை கிளாஸ்ல கொட்டப் போனான். நான்தான் தட்டிவிட்டேன்.”

“தட்டிவிட்டா உள்ள போயிருக்காதே?”

“முந்தின கிளாஸ்ல போட்டிருப்பான்.”

இரண்டு மன்ற உறுப்பினர்களின் பிடியில் நின்றிருந்த இருளப்பனிடம் திரும்பினார் பிரிஸ்கில்லா. “என்னய்யா பொடி அது?”

“சீனி மேடம்.”

“பியருக்குச் சீனியாம்!” யாரோ சிரித்தார்கள்.

“அவரு கேட்டாரு மேடம். கொண்டாந்தேன்.”

“பொய்” என்றார் முருகேசன்.

அதற்குள் மேலிடத்திலிருந்து போன் வந்தது. பொடியோடு ஆள் இருக்கிறான், சாட்சிக்கு ஒரு முன்னாள் முதல்வர் இருக்கிறார், இன்னும் என்ன யோசனை, இருட்டுவதற்குள் ரிமாண்டுக்கு அனுப்புங்கள் என்றது போன். சரி சார் என்றார் பிரிஸ்கில்லா.

இருளப்பன் அழவில்லை. “விஷம் வச்சவன்னு பேராயிட்டா, வெளிய வந்தாலும் எவன் மேடம் எங்கையால தண்ணி வாங்கிக் குடிப்பான்? இந்தப் பரிமாறுறதை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது” என்றார்.

மூன்றாவது நடுவர் நாச்சிமுத்து, ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர், வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிரிஸ்கில்லா அவரிடம் போனார்.

“காலையில நீங்க யாரும் சாப்பிடலியா?”

“எப்படிங்க சாப்பிடறது? நாக்குச் சுத்தமா இருக்கோணும்னு முருகேசன் சார் உத்தரவுங்க. நானு வர்ற வழியில திருட்டுத்தனமா நாலு இட்லி தின்னுட்டனுங்க. அதை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

“சூசைமாணிக்கம்?”

“அவரு நேர்மையான மனுசனுங்க.”

“என்ன பேசினாரு?”

“மொத மூணு கிளாசுக்கு வாயே தொறக்கலீங்க. நாலாவதுல பிச்சு ஒதறிட்டாருங்க! வேர்த்து ஊத்துது, கையெல்லாம் நடுங்குது. ‘மரத்து… மரத்து…’ன்னாருங்க. முருகேசன் சார் அசந்துட்டாரு. ஓக் மரப் பீப்பாயில ஊறின வாசத்தை ஒரே மடக்குல புடிச்சுட்டாரேன்னு கை தட்டுனமுங்க. அப்புறம் ‘இனிப்பு… இனிப்பு…’ன்னாருங்க. இனிப்புப் பத்தலைன்னு ரெண்டு மார்க்குக் கழிச்சோம்.”

“அப்புறம்?”

“அப்பத்தானுங்க சர்வரு கிண்ணத்தோட வந்தது, சாரு தட்டிவிட்டது. அப்பறமா இவரு தலையைச் சாய்ச்சுட்டாரு. ரசனையில மூழ்கியிருக்காரு, யாரும் கலைக்காதீங்கன்னாரு சாரு. நாங்க பிரியாணிக்கு எந்திரிச்சுட்டமுங்க.”

சூசைமாணிக்கத்தின் மனைவி ரோசலின் வாசலில் காருக்குள் இருந்தார். பிரிஸ்கில்லா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“காலையில என்ன சாப்பிட்டாரு?”

“ஒண்ணுமில்ல மேடம். இன்சுலின் ஊசியைப் போட்டுக்கிட்டாரு. தோசை ஊத்தினேன். வேணாம், அங்கன ஓட்ஸ்தாண்டி குடுக்குறாக, சுகருக்கு நல்லதுன்னாரு.”

“பியருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஓட்ஸ் பியருன்னாரு. அதான் நானும் சரின்னு விட்டுட்டேன்.” அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “தோசை ஹாட்பாக்ஸ்லதான் இருக்கு.”

திண்டுக்கல்லில் ஓட்ஸ் என்பது தானியமல்ல. டாக்டர் சீட்டிலிருந்து மளிகைக் கடைக்கு வருகிற மருந்து. அது எதில் கலந்தாலும் மருந்துதான்.

பிரிஸ்கில்லா திரும்ப அறைக்குள் போனபோது மணி ஆறு. மேஜைக்காலில் எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. குனிந்து பார்த்தார். ஒரு எறும்புகூடச் சாகவில்லை.

“குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிருச்சா மேடம்?” என்றார் முருகேசன்.

“தெரிஞ்சிருச்சு. நீங்கதான் சார்.”

பிரிஸ்கில்லா மேஜைக்காலைக் காட்டினார்.

“பொடி சீனிதான். நம்பலைன்னா எறும்பைக் கேளுங்க. ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட வந்திருக்காரு, அதுக்கு மேல பியரு. ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துக்கு எறங்கிருச்சு. அதான் ஏசியில அம்புட்டு வேர்வை. உதடும் நாக்கும் மரத்துப் போச்சு. அதைச் சொல்ல வந்தாரு. முழுசாச் சொல்ல வாய் வரலை. நீங்க ஓக் மரம்னு எழுதிக்கிட்டீங்க.”

“அது… சுவைக் குறிப்புன்னு…”

“அடுத்து இனிப்புக் கேட்டாரு. மார்க்கைக் கழிச்சீங்க.”

“அபிப்பிராயம் சொல்றார்னுதானே யாரும் நினைப்பாங்க?”

“சர்வருக்கு அது ஆர்டர் சார். கேட்டதைக் கொண்டாந்தாரு. ஒரு வாய் உள்ள போயிருந்தா இந்நேரம் அந்தாளு வீட்ல தோசை தின்னுக்கிட்டிருப்பாரு. நீங்க தட்டிவிட்டீங்க. தட்டிவிட்டப்ப விஷம்னா நினைச்சீங்க? நினைச்சிருந்தா போலீசைக் கூப்பிட்டிருப்பீங்க, பிரியாணிக்குப் போயிருக்க மாட்டீங்க. பியர்ல சீனி விழுந்துரும்னு பயந்தீங்க. நாலு மணிக்கு ஆளு செத்தது தெரிஞ்ச பிறகுதான் அது விஷமாச்சு.”

முருகேசன் மதிப்பெண் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார். பிரிஸ்கில்லா அதை வாங்கிக்கொண்டார்.

“அஜாக்கிரதையால மரணம். பொய்ப் புகார் தனி. ஜீப்ல ஏறுங்க.”

உறுப்பினர்கள் இருளப்பனை விட்டுவிட்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். பிரிஸ்கில்லா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இருளப்பன், குடிக்கத் தண்ணி கொண்டாங்க.”

கொண்டுவந்தார். அத்தனை பேரும் பார்க்க, பிரிஸ்கில்லா அதை நிதானமாகக் குடித்து முடித்தார். ருசி தெரியவில்லை. தண்ணீருக்கு அது தேவையும் இல்லை.

ஓக் மரப் பீப்பாயைக் கண்ணாலும் காணாத நாலாம் எண் பாட்டிலுக்கு, இனிப்புக் குறைவு காரணமாக, இரண்டாம் பரிசு கிடைத்தது.